பாக்கெட் வாட்ச் ஸ்க்ரூக்களில் போன நீலத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

நொடிமுள்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய வால்தம் பாக்கெட் வாட்ச் ஒன்றைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். மேல் பிளேட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களில் இரண்டு மட்டும் நல்ல நீலமாக இருக்கின்றன. மற்றவை சாம்பல் வெள்ளை, ஒன்றில் துரு அரித்த குழிகூட இருக்கிறது. முன்பு யாரோ தேய்த்துவிட்டார்கள் போல. துப்பாக்கி இரும்புக்குத் தடவும் நீலத் திரவம் போதுமா, சூடுதான் காட்டணுமா? சூட்டில் ஸ்க்ரூ வலுவிழக்காதா?

சுருள்வில்:
அந்தத் திரவம் வேண்டாம். அது தருவது கருப்பு கலந்த மங்கல்தான். ஸ்க்ரூ தலையின் காடியில், அதாவது திருப்புளி பொருந்தும் பள்ளத்தில், மிச்சம் தங்கினால் துருவும் பிடிக்கும். நீங்கள் தேடும் நீலம் பூசி வருவதே இல்லை. எஃகைச் சூடாக்கும்போது மேலே மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. அதன் தடிமன்தான் நிறத்தை முடிவு செய்கிறது. சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 255 வாக்கில் பழுப்பு, 280இல் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். அதைத் தாண்டினால் வெளிறி சாம்பலாகிவிடும். வலு பற்றிக் கவலை வேண்டாம். முன்பு நீலம் வரை பதப்படுத்திய ஸ்க்ரூவை மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுபோனால் மேற்கொண்டு மென்மையாகாது.

முதலில் அவை நீலமாக இருந்தனவா என்று உறுதி செய்யுங்கள். வெள்ளையாகவே பாலிஷ் செய்த ஸ்க்ரூக்களோடு வந்த வாட்சுகளும் உண்டு, அவற்றை நீலமாக்குவது மீட்பு ஆகாது. தலையின் அடிப்பக்கத்தையும் காடியின் உள்பக்கத்தையும் லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியில்) பாருங்கள். தேய்த்தவர் கை அங்கே போயிருக்காது.

உண்மையான வேலை பாலிஷில்தான். குழி போகும் வரை தலையைச் சமமாகத் தேய்த்து, காடியின் பிசிறை எடுத்து, கடைசியில் வெள்ளீயக் கட்டியில் டயமன்டைன் (மிக நுண்ணிய பாலிஷ் பொடி) பேஸ்ட் வைத்து முடியுங்கள். சாய்த்துப் பார்த்தால் தலை முழுக்கக் கருப்பாகத் தெரிய வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் நீலம் அதை எடுத்துக் காட்டும். பிறகு ஆல்கஹாலில் கழுவி, கை படாமல் ட்வீசரால் மட்டும் எடுங்கள். மரையில் துளி எண்ணெய் இருந்தாலும் சூட்டில் மேலேறி, காடியைச் சுற்றி மஞ்சள் வளையமாக நின்றுவிடும். இந்த வளையத்தைப் பார்த்துச் சூடு சரியில்லை என்று நினைப்பவர்கள் பலர். குறை கழுவியதில்தான்.

சிறு பித்தளைத் தட்டில் பித்தளைச் சீவலைப் பரப்பி, தலை மேலிருக்கும்படி மரையை அதில் புதைத்து, ஸ்பிரிட் விளக்கில் மெதுவாகச் சூடாக்குங்கள். ஒரே அளவு ஸ்க்ரூக்களை மட்டும் சேர்த்து வையுங்கள், சின்னது முந்திக்கொள்ளும். பழுப்பு வரை நிதானமாகப் போகும், ஊதாவுக்குப் பின் சட்டென்று மாறும். ஊதா நீலமாகத் திரும்பும்போதே எடுத்துக் குளிர்ந்த பித்தளைக் கட்டியில் வைத்துவிடுங்கள். உங்களிடம் மிச்சமிருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் பக்கத்திலேயே வைத்து, அந்த நிறத்தோடு ஒப்பிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

முன்னும் பின்னும் ஆடி வாட்சின் வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் ஸ்க்ரூக்களைத் தொட வேண்டாம். தலையைத் தேய்த்தால் எடை குறைந்து ஓட்டமே மாறிவிடும்.

ஊசல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். யாராவது பின்னால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மாற்றிப் போட்டிருந்தால் அது மற்றவற்றோடு சேர்ந்து நீலமாகாது. அந்தச் சூட்டில் லேசான மஞ்சளோடு நிற்கும். கார்பன் எஃகில் வேறு தேட வேண்டியதுதான்.

நொடிமுள்:
மிக்க நன்றி. தலையின் அடிப்பக்கத்தில் நீலம் அப்படியே இருக்கிறது! நிறம் தாண்டிப் போய்விட்டால் ஆறவிட்டால் திரும்பி வருமா?

சுருள்வில்:
வராது. படலம் தடித்தது தடித்ததுதான். வெளிறிய நிறத்தை முழுக்கத் தேய்த்தெடுத்து, பாலிஷிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தலை உயரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும், ஆகவே ஒரிஜினலில் கை வைக்குமுன் உதவாத பழைய எஃகு ஸ்க்ரூ ஒன்றில் செய்து பாருங்கள்.