பத்து காவான் தோட்டம்: நிலமும் குடியிருப்பும் பற்றிய விவரம் தேவை

கோலாலம்பூர் வாசகி:
வணக்கம். என் தாத்தா பினாங்கு மாநிலத்தின் பத்து காவான் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தைப் பற்றியும் மாரியம்மன் கோவில் திருவிழாவைப் பற்றியும் அவர் சொன்ன சில செய்திகளே எங்கள் குடும்பத்தில் எஞ்சியுள்ளன. அங்கே தமிழர் குடியிருப்பு எவ்வாறு உருவாயிற்று, நில அமைப்பு எத்தகையது, பதிவுகளை எங்கே தேடலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நிபோங் தெபால்:
வணக்கம் அம்மா. முதலில் நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து காவான் இன்று பெருநிலத்தோடு ஒட்டியதுபோல் தோன்றினாலும், தெங்கா ஆறும் ஜெஜாவி ஆறும் கடலும் சூழ்ந்த ஒரு தீவுதான் அது. கரையோரம் சதுப்புநிலக் காடு. அதற்கு உட்புறம் காலால் மிதித்தால் ஒட்டிக்கொள்ளும் களிமண். இத்தகைய தாழ்நிலத்தில் கரை எழுப்பி, கான் (வடிகால்) வெட்டி, கடல் ஏறும்போது மதகை அடைத்து, வற்றும்போது திறந்துவிட்டால்தான் பயிர் நிற்கும். அந்த மண்வேலை அத்தனையும் மண்வெட்டியால் நடந்தது என்பதை எவரும் மறக்கலாகாது.

கெடா சுல்தான் 1800ஆம் ஆண்டில் பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள இக்கரையை (இன்றைய செபராங் பிறையை) ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த பின்னர், தியோச்சூ மொழி பேசும் சீனர்கள் இங்கே கரும்பு பயிரிட்டார்கள். பத்து காவானில் கௌ பூ ஆன் என்பவர் அவர்களுள் பெயர்பெற்ற முதலாளியாக விளங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் துரைமார்களின் கரும்புத் தோட்டங்களும் செபராங் பிறையில் பெருகின. அவற்றுக்காக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள், வழிச்செலவையே கடனாகச் சுமந்து, அது தீரும்வரை ஒப்பந்தத்தில் கட்டுண்டு உழைத்தார்கள். 1910இல் அந்த ஒப்பந்தமுறை ஒழிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கரும்பு இருந்த இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. நம்மவர் வரலாற்றை ரப்பரிலிருந்தே தொடங்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கரையில் கரும்புக்காலத்தைத் தவிர்த்தால் முதல் இரண்டு தலைமுறையினரே விடுபட்டுப் போகிறார்கள்.

தென்செபராங்வாசி:
ஆசிரியர் ஐயா கூறியதோடு பிற்காலத்தையும் சேர்க்கிறேன். ரப்பருக்குப் பின் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. 1990களில் மாநில அரசின் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் புதிய நகருக்காக இந்நிலத்தைக் கையகப்படுத்தியது. 2000இல் விளையாட்டரங்கம் எழுந்தது. 2014 மார்ச் 1ஆம் நாள், பினாங்குத் தீவிலுள்ள பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லயத்து வீடு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) தோட்டத்துக்குச் சொந்தமானதால், தோட்டம் கைமாறும்போது தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒருசேரப் போய்விடுகின்றன. நாடெங்கும் தோட்ட மக்கள் பட்ட இந்தத் துயரம், புதுநகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கண்ணில் பெரும்பாலும் படுவதேயில்லை.

தோட்டத்துப் பேத்தி, பட்டர்வொர்த்:
பதிவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா. நிலப்பட்டாக்கள் முதலாளிகளின், நிறுவனங்களின் பெயரில் இருக்குமாதலால் அங்கே தாத்தாவின் பெயரைத் தேடுவதில் பயனில்லை. உங்கள் அப்பா, அத்தைமார் ஆகியோரின் பிறப்புப் பத்திரங்களில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. தோட்டம் மறைந்த பின்னரும் பைராம், வால்டோர், ஜாவி போன்ற தோட்டப் பெயர்களைச் சுமந்து நிற்பவை இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளே. பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தால் காட்டும்படி தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அதில் தந்தையின் பெயரும் இடம்பெற்றிருக்க வாய்ப்புண்டு. கோவில் நிர்வாகத்திடம் திருவிழா உபயக் கணக்கு நோட்டுகளைக் கேட்கவும் தயங்காதீர்கள்.

கோலாலம்பூர் வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயரோடு ஒரு டிவிஷன் (தோட்டப் பிரிவு) எண்ணும் அதில் உள்ளது. அந்த டிவிஷன் எந்த ஆற்றை ஒட்டியிருந்தது என்பதை ஆசிரியர் ஐயா அறிவாரா?