மேடைக்குத் தூக்கிப் போகிற டிஜிட்டல் பியானோ: பட்டவர்கள் சொல்லுங்கள்

வீட்டுக்கென்று வாங்கிய பியானோவையே மூன்று வருடமாகப் புரோகிராம்களுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அது மட்டும் 22 கிலோ. பை, ஸ்டாண்ட், பெடல், கேபிள் எல்லாம் சேர்த்தால் 30ஐத் தாண்டும். போன மாதம் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் ஒரு புரோகிராம். ஏறி உட்கார்ந்தபோது கை நடுங்கியதில் முதல் பாட்டு முழுக்கத் தடுமாறினேன். 88 வெயிட்டட் கீ (நிஜ பியானோ போலக் கனமாக அழுந்தும் கட்டைகள்) வேண்டும், ஒற்றை ஆளாகத் தூக்கவும் முடிய வேண்டும். என்ன வாங்கலாம்?

*

எடையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதனால் நான் அடிபட்ட இடத்தைச் சொல்கிறேன்: பின்பக்கம். கடையில் வாசித்தபோது டச் அவ்வளவு பிடித்துப்போனது, திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். முதல் மேடையில் சவுண்டுக்காரர் "லைன் அவுட் எங்கே அண்ணா?" என்றார். மேடை ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் தனி ஓட்டையைக் கேட்கிறார். இல்லை. ஹெட்போன் ஓட்டை மட்டும்தான். அதிலிருந்து ஒரு கேபிள் போட்டு டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக ஒப்பேற்றினோம். சத்தம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஹெட்போனில் செருகியதும் பியானோவின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. மானிட்டரும் (வாசிப்பவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர்) கிடைக்காததால் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் யாரோ கேபிளில் கால் இடற, அந்தச் சின்ன பிளக் பாதி கழன்று அரங்கமே அதிர ஒரு 'டமார்'. அன்றோடு சரி.

ரோலண்டின் எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ் இரண்டுக்கும் ஒரே கீபெட்தான், அதாவது கட்டைகளும் அவை இயங்கும் விதமும் ஒன்றே. முதலாவது 12.3 கிலோ, ஹெட்போன் ஓட்டை மட்டும். இரண்டாவது 14.8 கிலோ, தனியாக இரண்டு லைன் அவுட். அந்த இரண்டரைக் கிலோவை நான் சந்தோஷமாகச் சுமப்பேன். முடியாது என்றால் யமஹா பி-125 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பாருங்கள்: 11.8 கிலோதான், லைன் அவுட் மாதிரியே பயன்படும் ஆக்ஸ் அவுட் இருக்கிறது.

இன்னொன்று. ஹெட்போனில் அகலமாக விரிந்து கேட்கும் பியானோ, பல மேடைகளில் மோனோவாகத்தான், அதாவது இடதும் வலதும் ஒன்றாகக் கலந்துதான், வெளியே போகும். அப்படிக் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். நடு ஸ்தாயி தகர டப்பா மாதிரி ஆகிவிடும். கடையில் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மோனோவாகப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

*

என் கதை சின்னது. வாசிப்புக்கு நடுவில் ஒருவர் பேச வந்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முடித்ததும் நான் கம்பீரமாக முதல் கார்டை (chord) அழுத்தினேன். சத்தமே இல்லை. அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் தானே அணைந்துவிடும் வசதியாம்! மேடைக்குப் போகும் முன் ஆட்டோ பவர் ஆஃபை நிறுத்திவிடுங்கள். அப்படியே டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கதை வேண்டாம்.

*

88 கட்டாயமா சார்? பேஸ் கிட்டார் இருக்கும் குழுவில் அடி ஸ்தாயியை நான் தொடுவதே இல்லை. தொட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சேறாகிவிடும். 73 கட்டை மட்டும் உள்ள யமஹா சிபி73க்கு மாறினேன். எடை குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், 13.1 கிலோ. ஸ்பீக்கரும் கிடையாது. ஆனால் நீளம் சுமார் 109 செ.மீ., கார் பின்சீட்டில் தாராளமாகப் படுக்கிறது. வளைவான படிக்கட்டில் எடையைவிட நீளம்தான் கழுத்தை அறுக்கும். தெருவோரம் வாசிப்பவர் என்றால் கேசியோ பிஎக்ஸ்-எஸ்1000 ஆறு ஏஏ பேட்டரியிலேயே ஓடும், செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதையும் பாருங்கள்.

*

நன்றி எல்லோருக்கும். தனி ஆளாக வாசிப்பதும் உண்டு என்பதால் 88ஐ விட மனமில்லை. சனிக்கிழமை ஒற்றை ஸ்பீக்கரோடு கடைக்குப் போகிறேன். பேசிக்கொண்டே இருந்தவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.