நாகர்கோவில் மாநகராட்சியே டவுன் பஸ் ஓட்ட முடியாதா?

வடசேரிக்காரன்:
மும்பையில் பெஸ்ட் பஸ் அந்த ஊர் மாநகராட்சிக்கே சொந்தம் என்று அங்கே வேலை பார்க்கும் மச்சான் சொன்னான். அகமதாபாத்திலும் அப்படித்தானாம். நாகர்கோவிலும் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, அப்புறம் டவுன் பஸ் மட்டும் ஏன் மாநில அரசின் கையில்? ராத்திரி கடையடைத்ததும் செட்டிகுளத்தில் இருந்து அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாக வரும் ஜவுளிக்கடைப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், பஸ் நேரத்தை ஊரே முடிவு செய்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. சட்டத்தில் இடம் உண்டா?

தக்கலை வாசகன்:
உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி நகராட்சியும் பஸ் சேவை நடத்தலாம். ஆனால் சென்னையின் மாநகர் போக்குவரத்துக் கழகம்கூட மாநில அரசுடையதுதான், பெயரில் மட்டும் மாநகர். நம்ம பக்கம் அரசு பஸ் என்பது இன்னும் பழைய கதை: 1938-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் விட ஆரம்பித்ததே திருவனந்தபுரம் - கன்னியாகுமரி சாலையில்தான்.

குளச்சல்காரி (இப்போது மும்பை):
அண்ணா, இங்கே நிலைமை தெரியாமல் ஆசைப்பட வேண்டாம். 1947-ல் மும்பை மாநகராட்சி பெஸ்டை வாங்கியபோது டிராம், பஸ்ஸோடு மின்சார விநியோகமும் சேர்ந்து வந்தது, கரண்டில் வந்த லாபம்தான் பஸ் நஷ்டத்தை ரொம்ப காலம் தாங்கியது. அந்த வழி அடைபட்டதும் தடுமாற்றம்தான். இப்போது ஓடுவதில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் வண்டி, 5 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணமும் 2025 மே மாதம் 10 ஆகிவிட்டது. வீட்டு வரியை நம்பியிருக்கும் நாகர்கோவில் டீசலுக்கும் டயருக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் எங்கே போகும்?

ஈத்தாமொழி தென்னந்தோப்பு:
மக்கா, பணத்தைவிடப் பெரிய சிக்கல் எல்லை. அண்ணா ஸ்டாண்டில் நின்று போர்டைப் பாருங்கள்: ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம், பூதப்பாண்டி, மணக்குடி. ஒன்றுகூட மாநகராட்சிக்குள் இல்லை. விடியற்காலையில் பிச்சிப்பூ மூட்டையோடு தோவாளை சந்தைக்குப் போகிறவர், மீன் சருவத்தோடு ஏறும் கடற்கரை அம்மாக்கள் எல்லாம் பேரூராட்சி, பஞ்சாயத்து ஆட்கள். அவர்களுக்காக மாநகராட்சி ஏன் செலவழிக்கப் போகிறது? 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அந்தத் தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. மாநகராட்சி பஸ் என்றால் அதை யார் கொடுப்பது? எங்க ஊருக்கு வண்டி குறைந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

வடசேரிக்காரன்:
புனேயில் பக்கத்து மாநகராட்சியோடு சேர்ந்து 2007-ல் ஒரே பஸ் கம்பெனி ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் இங்கே நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் சேர இன்னொரு மாநகராட்சி இல்லையே. சரி, சொந்த பஸ் கேட்பதை விடுகிறேன். ஒன்பதரை மணிக்கு மேல் எந்தெந்த ஊருக்கு வண்டி வேண்டும் என்று கடைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதி, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஈத்தாமொழி தென்னந்தோப்பு:
எங்க ஊரையும் அதில் சேருங்கள். கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன்.