புதுப்பிப்பு: கொலராடோ எல்க் மான் வேட்டை, திட்டம் முடிவானது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பொது நிலத்தில் எல்க் எனும் பெரிய மானை வில்லால் வேட்டையாட எப்போது, எப்படிப் போவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒயிட் ரிவர் தேசிய வனத்துக்குத்தான் போகிறேன். வில் சீசன் செப்டம்பர் 2 முதல் 30 வரை. ஆண் மான்கள் குரல் கொடுக்கும் பின்பாதியை எடுத்துக்கொண்டேன்.

காற்றைப் பற்றிச் சொன்னதுதான் பெரிய உதவி. விடியற்காலையில் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் மேலே திரும்பும். நம் வாடை காற்றோடு போய் மானுக்கு எட்டினால் ஓடிவிடும். அதனால் காலையில் மந்தைக்குக் கீழிருந்துதான் நெருங்க வேண்டும். சின்னக் குப்பியில் பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன். லேசாக அமுக்கினால் வெள்ளைப் புகைபோல் காற்றின் போக்கு தெரிகிறது.

அப்புறம் இறைச்சி. செப்டம்பர் வெயிலில் சீக்கிரம் கெடும். விழுந்த இடத்திலேயே தோலுரித்து, துணிப்பைகளில் நிழலில் தொங்கவிட்டு, தவணைகளாகச் சுமந்து இறக்கப்போகிறேன். சுமக்க முடியாத பள்ளத்தில் நிற்கும் மான்மேல் அம்பு விடமாட்டேன்.