அப்பாச்சி ஓட மறுக்கிறது, 80-ஆம் போர்ட்டை யாரோ பிடித்திருக்கிறார்கள்

பத்தமடை மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமி வீட்டில் கோரைப்பாய் நெய்கிறார்கள். பட்டுப்பாய் கேட்டு வெளியூரிலிருந்து யார் பேசினாலும் வாட்ஸப்பில் இருபது படம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய், பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு வெப்சைட் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹோஸ்டிங்குக்குக் (வெப்சைட்டை இணையத்தில் வைக்கிற வாடகை இடம்) காசு கட்டும் முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஸாம்ப் (அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு) போட்டேன். விண்டோஸ் 10. தகவல்களைச் சேமித்து வைக்கிற மைஎஸ்கியூஎல் பச்சை காட்டிவிட்டது. பக்கங்களை பிரவுசருக்குக் கொடுக்கிற அப்பாச்சி மட்டும் சிவப்பில் கத்துகிறது: 80-ஆம் போர்ட் (வெப்சைட் வந்துபோகும் வாசல்) வேறொன்றின் கையில் இருக்கிறதாம், அதன் பிஐடி (ஓடுகிற ப்ரோகிராமின் எண்) 4. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 4 என்பது 'சிஸ்டம்'. அதை எப்படி நிறுத்துவது? ஸாம்பை இரண்டு தடவை அழித்துத் திரும்பப் போட்டும் பார்த்துவிட்டேன்.

அம்பை அண்ணாச்சி:
தாயி, சிஸ்டத்தில் கை வைத்துவிடாதீர்கள்! விண்டோஸின் வயிற்றுக்குள்ளேயே வெப் வேலை பார்க்கிற ஒரு பகுதி இருக்கிறது. அது 80-ஐப் பிடித்தால் இப்படித்தான் 4 என்று காட்டும். பெரும்பாலும் விண்டோஸோடு வருகிற ஐஐஎஸ் என்ற வெப் சர்வர்தான் காரணம். எப்போதோ யாரோ ஆன் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டாப் கொடுத்து, ஸ்டார்ட்டப் டைப்பை மேனுவல் ஆக்குங்கள்.

இல்லையா, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், நாம் பக்கத்து வாசலில் போவோம். ஸாம்பில் அப்பாச்சிக்கு நேரே உள்ள 'கான்ஃபிக்'கை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் முதல் ஃபைலைத் திறங்கள். அதில் 'லிசன் 80' என்பதை 8080 ஆக்குங்கள். கீழே 'சர்வர்நேம்' வரியிலும் ஒரு 80 இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். அப்புறம் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8080.

அம்பாசமுத்திரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது எனக்கும் இதே கூத்துதான். துபாயில் இருக்கிற மகனிடம் பேச வருகிறவர்களுக்காக ஒரு வீடியோ கால் சாஃப்ட்வேர் போட்டிருந்தேன். 80-ஐ அமுக்கி வைத்திருந்தது அதுதான். நான் இரண்டு நாளாக ஆன்டிவைரஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தென்காசிக்காரன்:
இவ்வளவு பாடு எதற்கு? பிஎச்பி 5.4 முதல் அதற்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கிறது. உங்கள் ஃபோல்டருக்குள் நின்று 'பிஎச்பி -எஸ் லோக்கல்ஹோஸ்ட்:8000' என்று கமாண்ட் கொடுங்கள் (எஸ் பெரிய எழுத்து). முடிந்தது. அப்பாச்சியே வேண்டாம்.

அம்பை அண்ணாச்சி:
தம்பி சொல்வது சரிதான், அவசரத்துக்கு நானும் அதைத்தான் ஓட்டுவேன். ஆனால் அப்பாச்சிக்கு விதிகளை எழுதி வைக்கிற டாட் எச்டிஆக்செஸ் ஃபைலை அது கண்டுகொள்ளாது. நாளைக்கு வாங்கப்போகிற ஹோஸ்டிங்கில் அப்பாச்சி இருந்தால், இங்கே ஓடியது அங்கே ஓடாமல் போகலாம். ஸாம்பே இருக்கட்டும்.

பத்தமடை மருமகள்:
ஐஐஎஸ் இல்லை அண்ணாச்சி. 8080 மாற்றினேன், ஓடிவிட்டது! மாமிக்குக் காட்டலாம் என்று அவர்கள் போனில் லோக்கல்ஹோஸ்ட்:8080 அடித்தால் ஒன்றும் வரவில்லை. இரண்டும் ஒரே வைஃபைதான்.

அம்பை அண்ணாச்சி:
லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'என் வீடு' என்று அர்த்தம். போனில் அடித்தால் போன் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' அடித்து, ஐபிவி4 என்ற வரியில் உள்ள எண்ணை எடுங்கள். வீட்டு வைஃபையில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். போனில் அந்த எண், அப்புறம் :8080. அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் ஃபயர்வாலில் அப்பாச்சிக்குப் பிரைவேட் நெட்வொர்க் அனுமதி கொடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். படங்களின் பெயரையெல்லாம் சின்ன எழுத்திலேயே வையுங்கள். பெரிய எழுத்து ஜேபிஜியும் சின்ன எழுத்து ஜேபிஜியும் விண்டோஸுக்கு ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு ஆள். அப்புறம், நம்ம பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மைஎஸ்கியூஎல் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் சில சமயம் மறுபடி கிளம்பாமல் படுத்துவிடும். யுபிஎஸ் இல்லையென்றால் தினமும் ராத்திரி பிஎச்பிமைஅட்மினில் (மைஎஸ்கியூஎல்லை பிரவுசரிலேயே கையாளும் பக்கம்) ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.

பத்தமடை மருமகள்:
வந்துவிட்டது அண்ணாச்சி, ஃபயர்வால்தான் மறித்திருக்கிறது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்கள். பட்டுப்பாய் விலையில் ஒரு சைபரை விட்டிருக்கிறேன். நல்லவேளை, இப்போதைக்கு அது எங்கள் வீட்டு வைஃபையைத் தாண்டவில்லை.