உட்கார வைத்தால் காலை உதைக்கிறாள்: எலாஸ்டிக்கை இன்னும் இறுக்கலாமா?

கொலுப்படி_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 43 செ.மீ. உயர ரெசின் பிஜேடி (உருண்டை மூட்டுப் பொம்மை, உள்ளே ஓடும் எலாஸ்டிக்தான் கை, கால், தலையைச் சேர்த்துப் பிடித்திருக்கும்), முழங்காலிலும் முழங்கையிலும் இரட்டை மூட்டு. இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எனக்கு நானே வாங்கிக்கொண்டது. வீட்டில் விலையைக் கேட்டபோது பாதிதான் சொன்னேன், அந்தப் பாதிக்கே அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

பிரச்சினை இதுதான். வந்தபோது மூட்டெல்லாம் தொளதொளவென்று இருந்தது. கையைத் தூக்கி வைத்தால் மெதுவாக இறங்கிவிடும், தலை தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஆடும். சரி, எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, முடிச்சை அவிழ்த்து ஒரு அங்குலம் குறைத்துக் கட்டினேன். போதவில்லை. இன்னும் ஒரு அங்குலம் குறைத்தேன். இப்போது நிற்கச் சொன்னால் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி விறைப்பாக நிற்கிறாள், அதில் குறையே இல்லை. ஆனால் நாற்காலியில் உட்கார வைத்துக் காலை மடக்கினால், கையை எடுத்த அடுத்த நொடி டப்பென்று உதைத்து நீட்டிவிடுகிறாள். நேற்று குட்டி டீ செட்டை எதிரில் வைத்துப் படம் எடுக்கப் போனேன், ஒரு உதையில் கப்பும் சாசரும் அலமாரிக்கு அடியில். கன்னத்தில் கை வைக்கச் சொன்னாலும் அதே கதை, முழங்கை விரிந்துவிடும்.

இன்னும் இறுக்கலாமா, இல்லை 3 மி.மீ.க்குப் பதிலாகத் தடிமனான எலாஸ்டிக் போடலாமா? உள்ளே கம்பி விடலாம் என்கிறார்கள், மூட்டுக்குள் பசை தடவலாம் என்கிறார்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதில் பசை தடவ மனம் வரவில்லை. இன்னொன்று, இறுக்கியபோது குளிப்பாட்டி மொட்டை மாடியில் காய வைத்தேன், அதனால் எலாஸ்டிக் சுருங்கியிருக்குமோ?

சிங்கை_ரெசின்:

மீனா, முதலில் அந்த மொட்டை மாடி வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். எலாஸ்டிக்கைவிடப் பெரிய கவலை நிறம். ரெசின் என்பது பாலியூரித்தேன், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும், மஞ்சளானது திரும்ப வெள்ளையாகாது. நிழலில், மின்விசிறிக்கு அடியில், துண்டு விரித்துக் காய வையுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இறுக்காதீர்கள். எல்லாரும் செய்கிற தப்புதான் இது, நானும் என் முதல் பொம்மைக்கு இதையே செய்து ஆறு மாதம் அவளோடு மல்லுக்கட்டினேன். எலாஸ்டிக் எப்போதும் குறுக்கு வழியில் போகத்தான் பார்க்கும். கால் நேராக இருக்கும்போது அதற்கு வழி குறைவு. மடக்கினால் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதனால் நீள்கிறது, நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்ப இழுக்கிறது. அந்த இழுப்புதான் உதை. அதைப் பிடித்து நிறுத்துவது மூட்டின் உருண்டைக்கும் குழிக்கும் இடையில் இருக்கும் உராய்வு மட்டும்தான். நீங்கள் இறுக்கினால் உருண்டை குழிக்குள் இன்னும் அழுத்தமாக உட்காரும், உராய்வு கூடும், உண்மைதான். ஆனால் உதைக்கிற விசையும் அதே விகிதத்தில் கூடுமே! ஆகவே இறுக்குவது கையின் எடை கையைக் கீழே இழுக்கும் பிரச்சினையை மட்டும்தான் தீர்க்கும். உதைக்கிற பிரச்சினை அப்படியே இருக்கும், இன்னும் வேகமாக உதைப்பாள், அவ்வளவுதான். தடிமனான எலாஸ்டிக்கும் அதே கதை. உங்களுக்கு வேண்டியது வழுக்காத மூட்டு.

கை கால்களைத் தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பழைய பல்துலக்கியால் மூட்டின் உள்பக்கம் தேயுங்கள். அச்சிலிருந்து எளிதாக எடுப்பதற்காகத் தடவும் வழுக்குப் பொருள் புதுப் பொம்மையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் முழுதாகக் குளிப்பாட்டியபோது அது உள்ளே அப்படியே இருந்திருக்கும். முகத்தில் தண்ணீர் படாமல் இருக்கத் தலையை எடுத்து வைத்துவிடுங்கள், வண்ணம் போனால் அது தனி அழுகை.

எலாஸ்டிக்கையும் பழைய நீளத்துக்குக் கிட்டே தளர்த்துங்கள். பெரும்பாலான பொம்மைகளில் இரண்டு சுற்று இருக்கும், கைக்குக் கை மார்பு வழியாக ஒன்று, கால் கால் கழுத்து மூன்றையும் சேர்த்து இன்னொன்று. 43 செ.மீ. பொம்மைக்குக் காலில் 3 மி.மீ. சரி, கைக்கு 2 மி.மீ. போதும். முடிச்சுப் போட்டதும் மிச்சத்தை வெட்டாதீர்கள். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டலாம்.

அப்புறம் பசை. பயப்படாதீர்கள், இது ஃபெவிக்விக் மாதிரி ஒட்டி உயிரை வாங்கும் பசை இல்லை, ஹாட் க்ளூ. குழிப் பக்கத்தில் மட்டும் மெல்லிசாக இரண்டு கோடு விட்டு, சில நொடி பொறுத்து, தண்ணீரில் நனைத்த கரண்டியின் முதுகால் தேய்த்துப் பரப்புங்கள். விரலால் வேண்டாம், எனக்கு இன்னும் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. படலம் தாள் கனத்துக்கு இருந்தால் போதும். ஆறியதும் அது ரப்பர் மாதிரி பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு உரித்தால் முழுசாக வந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் மட்டும் போகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் ரெசினையே கெடுக்கும்.

பெரியமேட்டுப்_பையன்:

சிங்கை அண்ணன் சொன்ன காரணமெல்லாம் சரி, ஆனால் ஹாட் க்ளூவில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு ஏசி அறை. நான் ஒரு தடவை சித்திரை மாதத்தில் பொம்மையைக் காரில் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குள் போய்ச் சாப்பிட்டு வந்தேன், திரும்பி வந்து பார்த்தால் இடுப்பு மூட்டில் இருந்த பசை இளகி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டியாகிக் கிடந்தது. (பொம்மையைக் காரில் விட்டதே தப்பு என்று சொல்வீர்கள், தெரியும்.) நம் ஊர் வெயிலுக்குத் தோல்தான். மூட்டை இப்படி வழுக்காமல் ஆக்குவதற்குச் சூயடிங் என்பார்கள், அந்தப் பெயரே சூயேட் என்ற சொரசொரப்பான தோலிலிருந்து வந்ததுதானே.

சென்னையில் இருந்தால் பெரியமேட்டுக்கு வாருங்கள், தோல் கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டால் கிடைக்கும். விரலில் மடித்தால் துணி மாதிரி மடிய வேண்டும், செருப்புத் தோல் மாதிரி விறைத்தால் வேண்டாம். கறுப்பு, சிவப்பு எடுக்காதீர்கள், சாயம் ரெசினில் ஏறினால் இறங்காது. சாயம் போடாதது அல்லது வெளிர் நிறம். வட்டமாக வெட்டி, நடுவில் எலாஸ்டிக் போக ஓட்டை போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நாலைந்து வெட்டு கொடுத்தால் குழிக்குள் சுருக்கம் விழாமல் உட்காரும். சொரசொரப்பான பக்கம் உருண்டையைப் பார்த்து இருக்க வேண்டும். ஒட்டுவதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ஃபெவிகால் போதும், பின்னால் எடுக்க நினைத்தால் தண்ணீரில் ஊற வைத்தால் வந்துவிடும்.

சிங்கை_ரெசின்:

காரில் பொம்மையை விட்டவரிடம் நான் விவாதம் செய்வதாக இல்லை :) ஆனால் தம்பி சொன்னதில் ஒன்று சரி, இடுப்பு, தோள் மாதிரி பெரிய மூட்டுகளுக்குத் தோல் அருமை. முழங்கால், மணிக்கட்டு மாதிரிச் சின்ன இடத்தில் தோலின் கனமே மூட்டை வெளியே தள்ளிவிடும், இடைவெளி தெரியும். அங்கே பசைதான்.

செல்லம்மா_பொம்மை_வைத்தியம்:

மீனா கண்ணு, கம்பி பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நான் பழைய பொம்மைகளைச் சரிசெய்கிறவள், பிஜேடி பின்னால் கற்றுக்கொண்டது. ஜப்பானில் வோக்ஸ் நிறுவனம் 1999-இல் சூப்பர் டால்ஃபி கொண்டுவந்த பிறகுதான் இந்த ரெசின் பொம்மைப் பைத்தியம் பரவியது. ஆனால் உருண்டை மூட்டும் உள்ளே எலாஸ்டிக்கும் புதிது இல்லை, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேயே ஜெர்மன், பிரெஞ்சுப் பீங்கான் தலைப் பொம்மைகளின் உடம்பு இப்படித்தான் கோர்க்கப்பட்டது. அந்தக் காலத்திலிருந்தே இவை உதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்!

கம்பி கைக்கு நல்லது, காலுக்கு வேண்டாம் என்பது என் அனுபவம். கையின் எடை குறைவு, மெல்லிய அலுமினியக் கம்பியை எலாஸ்டிக்கோடு தோளிலிருந்து மணிக்கட்டு வரை விட்டால் கன்னத்தில் கை வைத்து மணிக்கணக்கில் யோசிப்பாள். கம்பியின் இரு முனையையும் வளையமாக மடித்து மேலே டேப் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் முனை எலாஸ்டிக்கை அறுத்துவிடும், ரெசினையும் உள்ளே கீறும். இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கறை விடும். ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எந்தக் கம்பியும் ஒரு நாள் ஒடியும், அன்றைக்கு மறுபடி எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

கோர்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரிதான், ஆனால் ஊக்கு பத்தாது. உறுதியான ரிப்பனை எலாஸ்டிக் வளையத்தில் மாட்டி முதலில் ரிப்பனை உள்ளே விட்டு இழுங்கள், எலாஸ்டிக் தானே பின்னால் வரும். வெளியே வந்த வளையத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே செருகிவிட்டால் நழுவாது. சர்ஜிக்கல் கடையில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (பிடித்தால் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) என்று கேளுங்கள், ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கும். எலாஸ்டிக் இழுபட்டிருக்கும்போது, அதைக் கை, கால், தலையில் மாட்டுகிற எஸ் வடிவக் கொக்கியை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று, இதெல்லாம் செய்வதற்கு முன்னால் காலை மடக்கிப் பார்த்தாயா, சரியாக? முழங்காலுக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்து, மூட்டைக் கொஞ்சம் இழுத்து, மடக்கி, அப்புறம் மெதுவாக உட்கார விட வேண்டும். சில பொம்மைகளில் எலாஸ்டிக் போய் உட்காருவதற்கென்றே மூட்டில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், அதில் விழுந்தால் கிளிக் என்று கைக்குத் தெரியும். வெறுமனே அழுத்தி மடக்கினால் எந்தப் பொம்மையும் உதைக்கும்.

பூனைக்கண்_டால்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மூட்டை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் பசையே வேண்டாம்தானே?

சிங்கை_ரெசின்:

கொஞ்சம் உதவும், ஆனால் தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. வார்ப்புத் தழும்பு (அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் விழும் கோடு) மூட்டில் மேடாக இருந்தால் மட்டும் தேயுங்கள். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். என்95 முகக்கவசம் போட்டு, தட்டில் தண்ணீர் வைத்து, நனைத்துத் தேய்க்கும் தாளால்.

கொலுப்படி_மீனா:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, செல்லம்மா அம்மாவுக்கு இரண்டு மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கழற்றினேன். கழுவிய தண்ணீரில் எண்ணெய் மாதிரி மினுமினுவென்று ஒரு படலம் மிதந்தது, இத்தனை நாள் அதோடுதான் சண்டை போட்டிருக்கிறேன். இடுப்பிலும் தோளிலும் தோல் ஒட்டினேன். பெரியமேட்டில் துண்டு ஒன்று சும்மாவே கொடுத்தார்கள், எதற்கு என்று கேட்டபோது பொம்மைக்கு என்றேன், நம்பவில்லை. முழங்காலுக்கும் முழங்கைக்கும் பசை. முதல் தடவை முழங்கையில் அதிகமாக விட்டுவிட்டேன், மூட்டு பிதுங்கி எலும்பு முறிந்த மாதிரி இருந்தது. அதை ஆல்கஹால் விட்டு உரித்தேன், சொன்ன மாதிரியே நெகிழித் தோல் போல ஒரே துண்டாக வந்தது, ரெசினில் ஒரு கறை கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பயம் போனது.

கோர்க்கும்போது பென்சில் நழுவிக் கால் கொக்கி எலாஸ்டிக்கோடு உடம்புக்குள் போய்விட்டது. தம்பி டார்ச் அடிக்க, நான் ஃபோர்செப்ஸால் துழாவ, அம்மா வாசற்படியில் நின்று “பிரசவமா பார்க்கிறீர்கள்?” என்றார்கள். ஆனால் ஒன்று, கால் கோர்க்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டது அம்மாதான்.

இப்போது நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், காலையில் வைத்தது சாயங்காலம் வரை அசையவில்லை. முதலில் இருந்த நீளத்தைவிட அரை அங்குலம்தான் குறைத்திருக்கிறேன். கைக்குக் கம்பி இன்னும் விடவில்லை, தேவைப்படாது போல. தலை மட்டும் கொஞ்சம் ஆடுகிறது, விக் மாட்டினால் பின்னால் சாய்கிறது. இதற்கும் எலாஸ்டிக்கைத் தொட வேண்டுமா?

பெரியமேட்டுப்_பையன்:

தொடவே தொடாதீர்கள்! கழுத்து உருண்டை உட்காரும் இடத்தில், தலைக்குள் மோதிரம் மாதிரி ஒரு தோல் வட்டம். ஓட்டையை எஸ் கொக்கி நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். மிச்சத் துண்டு இருக்கும்தானே, சும்மா கிடைத்தது வேறு.