மறு: எரிபொருள் சிக்கனமா, வினைத்திறனா? (வெள்ளி அச்சுக்குப் போகிறது)

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். பழைய பிக்கப்புகளின் டீசல் செலவைக் குறைப்பது பற்றி மெக்கானிக் வகுப்புக்கு ஒரு கையேடு செய்கிறோம். லீற்றருக்கு வாகனம் எவ்வளவு தூரம் போகும் என்ற அளவுக்கு ஒரே சொல் வேண்டும். இப்போது ஒரு பக்கத்தில் ‘வினைத்திறன்’, மறுபக்கத்தில் ‘சிக்கனம்’, அட்டவணையில் ‘நுகர்வு’. பிள்ளைகள் குழம்புகினம்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, ‘எரிபொருட்சிக்கனம்’ என்று புணர்த்தி எழுதும். வேற்றுமைப் புணர்ச்சி, உறழ்ச்சிக்கு, அதாவது இரண்டு விதமாகவும் எழுதுவதற்கு, இடமில்லை. மணிவாசகரின் ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்பதிலுள்ள சிக்குத்தான் சிக்கனத்துக்கும் வேர் என்பது என் துணிபு. இறுகப் பிடித்தல், கைநழுவ விடாமை. ‘போகாறு அகலாக் கடை’, செலவு வழி விரியாவிட்டால் கேடில்லை, என்ற வள்ளுவருக்கும் இது உடன்பாடே.

சென்னை:
நாங்கள் ‘மைலேஜ்’ என்றே எழுதிவிடுகிறோம் ஐயா. மைல் போய்விட்டது, மைலேஜ் போகவில்லை. ‘பொருட்சிக்கனம்’ என்றால் மாணவன் பொருட்காட்சியை நினைப்பான். ‘வினைத்திறன்’ உங்கள் நாட்டுச் சொல்தானே, அதில் என்ன குறை?

ஒட்டுசுட்டான், கராச்:
குறை இருக்குது. வினைத்திறன் எஞ்சினுக்குச் சரி. ரயரில காத்துக் குறைஞ்சு எண்ணெய் குடிச்சா எஞ்சின் என்ன பிழை செய்தது? போன கிழமை ஒரு பழைய ஹைலக்ஸ் வந்தது, கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு. எயார் பில்ரரைக் கழற்றித் தட்ட ஒரு பிடி செம்புழுதி. ஓடி வந்து நிப்பாட்டினதும் சில்லுகளுக்குக் கிட்ட கையைப் பிடிச்சுப் பாத்தன். பின் இடப்பக்கம் மட்டும் கொதிக்குது. பிறேக் இறுகி, போற வழியெல்லாம் இழுத்துக்கொண்டே போயிருக்குது. நெல்லு ஏத்தி முடியுமட்டும் எஞ்சினை ஓட விடுறதும் ஒரு செலவு, அப்ப கிலோமீற்றர் பூச்சியம். இதெல்லாம் அடங்கிற சொல்லு வேணும். சண்டைக்கால எரிபொருள் தடையில பெற்றோல் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓடின சனம் நாங்கள். 2022இல எரிபொருள் தட்டுப்பாட்டில, பங்கீட்டுக்குக் கியூஆர் காட்டி வரிசையில நிண்டம். அப்பவும் இப்பவும் கேள்வி ஒண்டுதான்: “லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?” ‘ஓட்டம்’ எண்டு போடுங்கோ.

ரொறொன்ரோ:
நுகர்வை மட்டும் கலக்க வேண்டாம். இங்கே 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கு, குறைந்தால்தான் நல்லது. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு நுகர்வு 12.5 லீற்றர். இரண்டும் தலைகீழ்.

யாழ்ப்பாணம்:
‘ஓட்டம்’ தொழிற்பெயர், அளவைப்பெயர் அன்று. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ‘எரிபொருள்’ வினைத்தொகை: எரிந்த, எரிகின்ற, எரியும் பொருள். கராச்காரத் தம்பி கண்ட கறுப்புப் புகையோ சரிவர எரியாத பொருள். வினைத்தொகையில் எதிர்மறைக்கு இடமேது? ‘எரிநெய்’ என்று மாற்றலாமா?

சென்னை:
ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு!

கிளிநொச்சி:
எல்லாருக்கும் நன்றி. தலைப்பில் ‘எரிபொருள் சிக்கனம்’, பிரித்தே. அட்டவணையில் ‘ஒரு லீற்றருக்கான ஓட்டம்’. ‘வினைத்திறன்’ எஞ்சின் பாடத்தில் மட்டும். நுகர்வை எடுத்துவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போயிற்று.

யாழ்ப்பாணம்:
பிரித்தது பிழை. என் மறுப்பைப் பதிவு செய்க. ‘எரிநெய்’ பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.